எடுத்துக் கொடுத்தவள்

அலோஃபாவ்,
அக்டோபர் முதல் வெள்ளி.

அன்புள்ள தம்பி லஃபாயெலேவுக்கு,

உன் அக்கா எசெட்டா எழுதுவது. கர்த்தரின் கிருபையால் வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவின் கால் வீக்கம் வடிந்துவிட்டது. அப்பாவின் இருமல்தான் அப்படியே இருக்கிறது. போதகரை விட உரக்க ஜெபித்தால் இருமல் எப்படிப் போகும் என்று கேட்டேன், முறைத்தார். உன் சுகத்தை உன் கையால் இரண்டு வரி எழுது. போனில் நீ சொல்லும் "நல்லா இருக்கேன்க்கா" எனக்கு வேண்டாம். முதல் வருஷம் இரண்டு அணிகள் அடுத்தடுத்து உன்னைக் கழற்றிவிட்டபோது, கையில் பெட்டியோடு நின்றுகொண்டு அதையேதான் சொன்னாய். முழங்காலைக் கிழித்துத் தைத்த அன்றைக்கும் அதையேதான் சொன்னாய்.

நாங்கள் அனுப்பிய பெட்டி வந்ததா? சேப்பங்கிழங்கு அழுகாமல் சேர்ந்ததா என்று அம்மா தினமும் கேட்கிறாள். நூற்று நாற்பது கிலோ இருக்கும் மகன் இளைத்துப் போய்விட்டானாம். தொலைக்காட்சியில் பார்த்தாளாம்.

உனக்கு அங்கே மதியம் ஒரு மணிக்கு ஆட்டம் என்றால் நமக்கு ஞாயிறு விடியற்காலை ஆறு மணி. ஆண்கள் நாலு மணிக்கே கல்லடுப்பை மூட்டி, பன்றியையும் கிழங்கையும் இலை போட்டு மூடிவிட்டு, புகை நாற்றத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். நம் மண்டபத்தில் போன வாரம் ஐம்பத்து மூன்று பேர். எண்ணினேன், ஏனென்றால் கோக்கோ ஊற்றியது நான். ஆராதனை மணி அடிக்கும்வரை யாரும் அசைவதில்லை. மணி அடித்த பிறகு அப்பா மட்டும் எழுந்து போகிறார், அவரும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

சித்தப்பா மகன் டாவிட்டாவுக்கு மேற்குத் தீவிலிருந்து பெண் எடுத்தோம் இல்லையா, அவளுக்குத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு முட்டும் இந்தப் பந்தாட்டமே புதிது. இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, "ஒம்போது வருஷமா ஆடுறாரு, ஒரு தடவகூடப் பந்தத் தொடலயே! அப்புறம் எதுக்கு அந்த ஊர்ல இவருக்குச் சோறு போடுறாங்க?" என்று கேட்டாள். மண்டபமே சிரித்தது. அப்பா அவளுக்கு விளக்கம் சொன்னார்: "பந்தை எறியுறான் பாரு, அவன் வலது பக்கம் பாத்துத்தான் எறிவான். இடது பக்கம் அவனுக்கு முதுகு. அந்த முதுகுல வந்து விழுறவனையெல்லாம் நம்ம லாஃபா தடுப்பான். தடுத்தான்னா ஒருத்தனுக்கும் தெரியாது. தவறுனாத்தான் ஊருக்கே தெரியும்." அந்தப் பெண் யோசித்துவிட்டு, "அப்ப மருமக வேலதான்" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அம்மாவின் ஜெபம் உனக்குத் தெரியுமா? ஆட்டம் தொடங்குமுன் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இன்னைக்கு என் மகன் பேரை எவனும் சொல்லாம பாத்துக்குங்க" என்கிறாள். வர்ணனையில் பேர் சொன்னால் ஒன்று உன் தப்புக்கு நடுவர் கொடி எறிந்திருப்பார், இல்லை நீ தரையில் கிடப்பாய் என்று ஒன்பது வருஷத்தில் கற்றுக்கொண்டாள். மற்ற பிள்ளைகளின் தாய்மார் மகன் பேர் கேட்க ஏங்குவார்கள். இவள் கேட்காமலிருக்க ஏங்குகிறாள்.

எல்லோரும் பந்தைப் பார்க்கிறார்கள். நான் பந்தைப் பார்ப்பதே இல்லை. யார் ஜெயித்தார்கள் என்று அப்புறம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். எழுபத்து நாலாம் நம்பரை மட்டும் பார்ப்பேன். குனிந்து கையை ஊன்றுவதிலிருந்து எழுந்து வருவதுவரை பார்ப்பேன். அதனால் இதைக் கேட்கிறேன். இந்த வருஷம் இடது மணிக்கட்டில் வெள்ளைப் பட்டை சுற்றி அதில் ஏதோ எழுதியிருக்கிறாயே, அது என்ன?

அம்மா அது வேதத்துச் சங்கீத வசனம் என்கிறாள். மாதர் சங்கத்தில் எந்தச் சங்கீதம் என்று சண்டையே வந்துவிட்டது. "இருவத்து மூணுதான்", "இல்ல, நூத்து இருவத்தொண்ணு, பர்வதங்களுக்கு நேராக் கண்ண ஏறெடுப்பேன்னு வருமே" என்று இரண்டு கட்சி. போதகர் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார், நம் பிள்ளை லட்சம் பேர் நடுவிலும் வசனத்தைக் கையில் கட்டிக்கொண்டு நிற்கிறான் என்று. அப்பா அன்றைக்கு இரண்டு மடங்கு உரக்க ஜெபித்தார்.

அடுத்த ஞாயிறு வெள்ளை ஞாயிறு. சபையில் வசனம் சொல்லப்போகும் பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்புத் தைத்துக்கொண்டிருக்கிறேன். மீன் ஆலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து வெள்ளைத் துணியைத் தொட்டால் அதுவும் மீன் நாறுகிறது. மறக்காமல் பதில் எழுது.

கர்த்தர் உன் முழங்கால்களைக் காக்கட்டும்.

உன் அக்கா,
எசெட்டா

*

அலோஃபாவ்,
அக்டோபர் கடைசி ஞாயிறு, ஆராதனைக்குப் பின்.

அன்புள்ள தம்பிக்கு,

பதில் வரவில்லை. அதற்குப் பதிலாகப் போன் வந்தது. அந்தப் போனைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தபாலில் போட்டால் எப்போது சேருமோ, திங்கள்கிழமை விமானத்தில் அங்கே வரும் டாவிட்டாவின் கையில் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

நீ பேசும்போது வழக்கம்போல அம்மா போனை எல்லோருக்கும் கேட்கும்படி பாயின் நடுவில் வைத்தாள். கையில் என்ன எழுதியிருக்கிறாய் என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய். "அம்மா பேருதான்க்கா" என்றாய். அம்மா அழுதேவிட்டாள். சங்கீதம் இல்லை என்ற வருத்தம்கூட இல்லை. அப்புறம் ஒவ்வொருவராக விசாரித்தாய். விசாரித்துக்கொண்டே வந்து, "சாலோட்டே அத்தை எப்படி இருக்கா? இன்னும் சீட்டாட்டத்துல ஏமாத்துறாளா?" என்று கேட்டாய்.

தம்பி, சாலோட்டே அத்தை செத்து இரண்டு வருஷம் ஆகிறது. நீ வந்தாய். சவப்பெட்டியின் தலைமாட்டைத் தூக்கியவன் நீ.

அம்மா சமாளித்தாள், "நல்லா இருக்காப்பா" என்றாள். போனை வைத்தபின், "பிள்ளைக்குத் தூக்கம் கெட்டுப்போச்சு, பாவம்" என்று எங்களிடம் சொன்னாள். அப்பா எழுந்து கல்லடுப்பைப் பார்க்கப் போனார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நம் அம்மாவால் முடியும். என்னால் முடியாது. உன் கையில் இருப்பது சங்கீதமும் இல்லை, அம்மா பேரும் இல்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை முதல்முதலில் எழுதியவள் நான்.

ஆறு வயதில் வெள்ளை ஞாயிறுக்கு உனக்கு நாலே வரி வசனம். நீ எழுந்து நின்று வாயைத் திறந்தாய், ஒன்றும் வரவில்லை. சபை முழுக்கப் பார்த்தது. அப்பாவின் காது சிவந்தது. நான் பின்னால் நின்று உன் சட்டையைப் பிடித்து இழுத்து ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து அது நம் பழக்கம். நீ மறப்பாய், நான் எடுத்துக் கொடுப்பேன். வாய்ப்பாடு, கட்டளைகள், மாமா வீட்டுக்குப் போய் என்ன கேட்க வேண்டும் என்பது, எல்லாம்.

பள்ளிக்கூடத்துக் கடைசி ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? நான் ஒரு வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்த புண்ணியத்தில் நாம் ஒரே வகுப்பு. நீ ஆடினாய், நான் தண்ணீர் தூக்கினேன். மேடையில் ஓலைத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர். பெருநிலத்துக் கல்லூரியிலிருந்து ஆள் எடுக்க வந்தவர். ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் நீ தலையோடு தலை மோதி விழுந்தாய். எழுந்து நேராக எதிரணிப் பயல்களோடு போய் வட்டத்தில் நின்றாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீ இந்தப் பக்கம் வந்தபோது உன் கண்ணைப் பார்த்தேன். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

வாத்தியார் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று கேள்வி கேட்பார் என்று எனக்குத் தெரியும், தலையில் அடிபட்ட யாரிடமும் அவர் அதே மூன்றைத்தான் கேட்பார். இன்னைக்கு என்ன கிழமை? யாரோட ஆடுறோம்? யாரு எவ்வளவு புள்ளி? தப்பாகச் சொன்னால் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். தொப்பிக்காரர் மறுநாள் விமானம் ஏறிவிடுவார். உன்னிடம் குனிந்து கேட்டேன். நீ "வெள்ளை ஞாயிறு" என்றாய். அன்று சனிக்கிழமை. உன் மணிக்கட்டில் சுற்றியிருந்த பட்டையில் மூன்று பதிலையும் எழுதினேன். தண்ணீர் கொடுப்பதுபோலக் கொடுத்துக்கொண்டே எழுதினேன். நீ பார்த்துச் சொன்னாய். வாத்தியார் முதுகில் தட்டி அனுப்பினார்.

ஆட்டம் முடிந்து பஸ்ஸுக்குப் பின்னால் வாந்தி எடுத்தாய். "யாருக்கா ஜெயிச்சாங்க?" என்று கேட்டாய். நாம்தான் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாய். மறுபடியும் சொன்னேன். பஸ்ஸில் பாட்டு சத்தமாகப் போட்டிருந்தார்கள், யாருக்கும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதம் கல்லூரிக் கடிதம் வந்தது. ஊரே உன்னைத் தோளில் தூக்கியது. என் தம்பியை நான்தான் மேலே ஏற்றினேன் என்று மனசுக்குள் எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா? பதினாலு வருஷம் அந்தப் பெருமையைத் தின்றுகொண்டிருந்தேன்.

இந்த வருஷம் மூன்று ஆட்டத்தில் பார்த்துவிட்டேன். நீ விழுகிறாய். மெதுவாக எழுகிறாய். பக்கத்தில் இருப்பவனின் தோளைப் பிடிக்கிறாய், நட்புக்காக என்று மற்றவர்கள் நினைப்பார்கள். பையோடு மருத்துவர் வருகிறார். இடது கையைத் தூக்கி முகத்தைத் துடைப்பதுபோலத் துடைக்கிறாய். உன் கண் பட்டையில் ஓடுகிறது. எந்த ஊர், என்ன கிழமை, போன வாரம் யாரோடு ஆடினோம், ஜெயித்தோமா தோற்றோமா. கடைசியாக யார் புள்ளி எடுத்தது என்பதற்கு மட்டும் எதிரே பெரிய பலகை இருக்கிறது. நீ பதில் சொல்கிறாய், அவர் தலையாட்டுகிறார், நீ போய்க் குனிந்து நிற்கிறாய். மண்டபத்தில் அப்போதெல்லாம் அம்மா சொன்னாள், "பாரு, வசனத்தப் பாத்துட்டுப் போறான்" என்று.

ஏன் செய்கிறாய் என்று எனக்குத் தெரியாமலில்லை. ஒரு வருஷம் முழுக்கப் பயிற்சியில் மற்றவர்கள் முட்டிப் பழகும் மூட்டையாக இருந்தாய். முன்னே இருந்தவனுக்குக் கணுக்கால் உடைந்ததால்தான் இந்த இடமே உனக்குக் கிடைத்தது. ஒரு நாள் உட்கார்ந்தால் இடம் போய்விடும் என்று உன்னை விட நன்றாக யாருக்குத் தெரியும்? உனக்குப் பின்னால் இப்போது ஒருவன் சட்டை மாட்டிக்கொண்டு தயாராக நிற்பதையும் பார்க்கிறேன். அவன் உன்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான், என்னைப் போல.

ஆனால் கேள். ஒன்பது வருஷமாக ஊர் பேர் தெரியாத ஒருத்தன் முதுகைக் காத்தாய். அவன் உன் ரத்தமா, உன் சபையா? ஒரு நாள் நம் மண்டபத்துப் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறானா? போகட்டும், அது உன் தொழில். நம் தீவில் ஒருத்தன் காக்க வேண்டியது அக்கா தங்கையை. அவள் சொல்லை அவன் தட்டக் கூடாது. தட்டினால் அவன் கை ஓடாது என்பார்கள். அந்த உரிமையை நான் ஒரு நாளும் உன்னிடம் கேட்டதில்லை. என் கல்யாணத்துக்கு நீ ஆட்டம் என்று வராதபோதுகூடக் கேட்கவில்லை. அவர் என்னை விட்டுப் போனபோதும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

பட்டையில் எழுதாதே. அவர்கள் கேட்டால் தெரிந்ததைச் சொல். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்.

போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய். கடிதத்தைப் பார்த்துச் சிரிக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, லாஃபா. சாலோட்டே அத்தையை மறந்தாய், சரி. இன்னும் கொஞ்ச நாளில் பாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எங்களில் யாரை மறப்பாய் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும். நீயும் மன்னி.

எசெட்டா

*

அலோஃபாவ்,
நவம்பர் இரண்டாவது செவ்வாய்.

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் நீ அழுததால் நான் சொல்ல வந்ததையெல்லாம் சொல்லவில்லை. இங்கே நடந்ததை எழுதுகிறேன்.

அங்கே கடிகாரத்தைத் திருப்பிவிட்டார்களாம், ஆட்டம் நமக்கு ஏழு மணிக்கு வந்தது. கல்லடுப்பெல்லாம் மூடிவிட்டு நிதானமாக உட்கார்ந்தார்கள். நான் முதலில் உன் கையைத்தான் பார்த்தேன். வெள்ளைப் பட்டை, ஒரு எழுத்து இல்லை. கோக்கோப் பானையைக் கீழே வைத்துவிட்டேன். டாவிட்டா கடிதத்தைக் கொடுத்துவிட்டான் என்று தெரிந்தது.

இரண்டாவது பாதியில் விழுந்தாய். அவர்கள் உன் பேரைச் சொன்னார்கள். "ஐயோ, பேரச் சொல்லிட்டானே" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பையோடு மருத்துவர் வந்தார். நீ இடது கையைத் தூக்கினாய், பழக்கம். பட்டையைப் பார்த்தாய். திருப்பி அடுத்த பக்கமும் பார்த்தாய். எவ்வளவு நேரம் பார்த்தாய், தம்பி! அப்புறம் தலையை இல்லை என்று ஆட்டினாய். அவர்கள் உன் தலைக்கவசத்தை வாங்கி ஒளித்து வைத்தார்கள், நீ மறுபடி ஓடிப் போகாமலிருக்க. தலைக்கு வந்தது தலைக்கவசத்தோடு போகட்டும் என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சித்தி, "இந்த வாரம் பெத்தவ பேர எழுதாமப் போயிட்டான், அதான் அடி பட்டுட்டான்" என்றாள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு, என் பிள்ளை என்னையே மறந்துவிட்டானே என்று அழ ஆரம்பித்தாள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. எழுந்து நின்று சொன்னேன். அது என்ன எழுத்து, யார் எழுதியது, எப்போது எழுதியது, எல்லாவற்றையும் ஐம்பது பேர் முன்னால் சொன்னேன். டாவிட்டாவின் பெண்டாட்டி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடி. நானும் அவனைக் காலேஜுக்கு அனுப்பணும்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா சொல்லியிருக்கலாமேடி" என்றாள். ஆராதனை மணி அடித்தது. அப்பா தொலைக்காட்சியை அணைத்தார், ஆட்டம் முடியுமுன்னே. அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை. கோவிலில் ஜெபிக்க எழுந்தவர் அன்றைக்கு மெதுவாக ஜெபித்தார். கடைசி பெஞ்சில் இருந்த எனக்கு உன் பேர் மட்டும்தான் கேட்டது.

இந்த வருஷம் இனி ஆட்டம் இல்லை, ஒருவேளை எந்த வருஷமும் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னதாகச் சொன்னாய். "என் எடத்துல இப்ப அவன் நிக்கிறான்க்கா" என்றாய். நிற்கட்டும். அவனுக்கும் ஒரு அக்கா எங்காவது உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள், அவளுக்காக ஜெபிக்கிறேன். உன் ஒன்பது வருஷம் எங்கேயும் போய்விடவில்லை. உனக்கே நினைவில்லாத ஆட்டத்தைக் கூட நான் சொல்லுவேன், நீ எந்தக் காலை முன்னால் வைத்தாய் என்பதுவரை. பந்தைப் பற்றி மட்டும் கேட்காதே.

"எப்ப வரட்டும்?" என்று கேட்டாய். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாய். மறுபடியும் சொன்னேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் நான் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். அம்மா உன் பாயை வெயிலில் போட்டுவிட்டாள். ஒரு பாயில் நீ படுக்க முடியாதென்று இரண்டைச் சேர்த்துத் தைக்கிறாள்.

கிழமையை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். நம் தீவுக்கு வாரத்தில் இரண்டே விமானம், திங்கள் ஒன்று, வியாழன் ஒன்று. இரண்டுக்கும் நான் வந்து வாசலில் நிற்பேன். நீ எதில் வேண்டுமானாலும் ஏறு.

உன் அக்கா,
எசெட்டா